பார்டர் கண்ணில் பிரிகிறதா? ஒரு நொடிக்குள் பார்க்கும் வழி

மதுரையில் சுங்குடிச் சேலைகளுக்கு டிசைன் வரைந்து கொடுக்கிறேன். ஒரே நிறத்தில் அச்சாகும் சேலையில் பார்டர் சேலையின் நடுப்பகுதியிலிருந்து பிரிந்து தெரிய வேண்டும் என்றால், புள்ளியும் கோடும்தான் துணை. அதைக் கிட்ட வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பூவைப் பார்ப்பதற்கு முன்பே கண் பரப்பைப் பிரித்துவிடுகிறது.

நீங்களே சோதிக்கலாம். ஒரு ஏ4 தாளின் நடுப்பகுதி முழுக்க ஆங்கில டி (T) எழுத்தைச் சிறிது சிறிதாக, நேராக வரையுங்கள். இடப்பக்கம் அதே டி, 45 டிகிரி சாய்வாக. வலப்பக்கம் எல் (L). கோட்டின் நீளம், தடிமன், எழுத்துகளின் இடைவெளி மூன்று பகுதியிலும் ஒன்றாக இருக்கட்டும். இதில் கறாராக இருங்கள். ஒரு பக்கம் நெருக்கமாகிவிட்டால் கண் அதை வைத்தே பிரித்துவிடும், சோதனை வீண்.

அப்புறம் போட்டோ எடுத்து, நொடிக்கு 30 பிரேம் ஓடும் வீடியோவில் 5 பிரேம் மட்டும் வையுங்கள். கண் வேறிடம் தாவச் சுமார் 200 மில்லிநொடி ஆகும். அதற்குள் படம் போய்விடும். உடனே தாறுமாறான கோடுகள் நிறைந்த படம் ஒன்று வரட்டும். இல்லாவிட்டால் முதல் படம் கண்ணிலேயே தங்கும்.

வீட்டில் யாரிடமாவது காட்டி, எல்லை எங்கே என்று கேளுங்கள். சாய்ந்த டி தொடங்கும் இடத்தைத்தான் பெரும்பாலும் காட்டுவார்கள். எல் பக்கத்து எல்லை தெரியவே தெரியாது. ஆனால் எழுத்துகளைத் தனித்தனியாகக் காட்டி, நேர் டி-யைப் போல இருப்பது எது என்றால், சாய்ந்த டி-யைச் சொல்வார்கள்! 1966இல் உளவியலாளர் ஜேக்கப் பெக் இதைக் காட்டினார். எனக்கு இன்றும் வியப்புதான்.

காரணம் பின்மண்டையில் இருக்கிறது. மூளையின் மேலடுக்கான புறணியில், பார்வைக்கான முதல் பகுதியில் உள்ள செல்கள், கோடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதற்கேற்பத் துடிக்கின்றன. மூளை ஆய்வாளர்கள் ஹியூபெலும் வீசலும் 1959இல் பூனையிடம் கண்டது இது. 1981இல் நோபல் பரிசு கிடைத்தது. டி, எல் இரண்டிலும் ஒரு படுக்கைக் கோடு, ஒரு நிலைக் கோடு. அந்தச் செல்களுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே.

ஆகவே பார்டரில் புதுப் பூ தேடி அலையாமல், சாய்வையோ அளவையோ மாற்றிப் பாருங்கள். முடிச்சுப் போட்டு வரும் வட்டப் புள்ளிக்குச் சாய்வு கிடையாது. மூன்று மூன்றாக நெருக்கிச் சரிவாக அடுக்கினால், தள்ளி நின்று பார்க்கும்போது அவை சிறு கோடுகளாகிவிடும்.