சித்திரை வெயிலில் ரங்கூன் பார்க்க வருகிறவர்களுக்கு

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் ரங்கூனுக்கு வருவது பெரும்பாலும் பள்ளிக்கூட லீவில்தான். இங்கே வெயில் உச்சத்தில் நிற்பதும் அப்போதுதான்; மே மாதம் மழை பிடிக்கும்வரை தணியாது. இந்த லீவுக்கு என் நாத்தனார் பிள்ளைகளோடும் மாமியாரோடும் மதுரையிலிருந்து வந்திருந்தாள். "மதுரை வெயிலைப் பார்த்தவங்களுக்கு இது என்ன அண்ணி" என்றாள். இங்குள்ள பெரிய புத்தர் கோயிலான ஷ்வேடகோன் பகோடா தளத்தில் பதினொரு மணிக்குக் கால் வைத்ததும் சின்னவன் அழுதுகொண்டே நிழலுக்கு ஓடினான்.

பர்மா வெயிலில் முதலில் காப்பாற்ற வேண்டியது பாதத்தை. பகோடாவுக்குள் செருப்பு கூடாது, சாக்ஸும் கூடாது. தளம் முழுக்கப் பளிங்கும் டைல்ஸும். அதனால் ஷ்வேடகோனை விடியற்காலையிலோ, பொழுது சாய்ந்த பிறகோ வையுங்கள். காலையில் ஆறு மணிக்கெல்லாம் தரை சில்லென்று இருக்கும். பகலில்தான் முடியும் என்றால் வெள்ளைக் கல்லாகப் பார்த்து மிதியுங்கள், கறுப்புக் கல் சுட்டுவிடும். முட்டிக்கு மேல் ஏறும் அரைக்கால் சட்டையோடு விடமாட்டார்கள், பெரிய பையன்களுக்கு ஒரு கைலி எடுத்துவாருங்கள். படி ஏற முடியாத பெரியவர்களை மேற்கு வாசல் எஸ்கலேட்டரிலோ தெற்கு வாசல் லிஃப்டிலோ அழைத்துப் போகலாம். செருப்பைக் கையோடு ஒரு பையில் போட்டுக்கொண்டால் எந்த வாசல் வழியாகவும் இறங்கலாம்.

கிளம்பும் முன் எல்லோருக்கும் பிறந்த கிழமை என்ன என்று ஜாதகத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பகோடாவைச் சுற்றி எட்டு மூலைகள் உண்டு, ஒவ்வொரு கிழமைக்கும் ஒன்று, அதற்கொரு பிராணி அடையாளமும் உண்டு. புதன் மட்டும் இரண்டாகப் பிரியும்: காலையில் பிறந்தவர்களுக்குத் தந்தம் உள்ள யானை, பகல் 12 மணிக்கு மேல் பிறந்தவர்களுக்குத் தந்தமில்லாத யானை, அது ராகுவின் மூலை. அவரவர் மூலையில் இருக்கும் புத்தருக்குச் சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் மொண்டு ஊற்ற வேண்டும். நாத்தனாரின் மாமியார், எழுபதைத் தாண்டியவர், சனி மூலையில் நாகத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அவர் பாட்டுக்கு ஊற்றிக்கொண்டே இருந்தார். மறுநாள் விடியுமுன்பே எழுந்து புறப்படச் சொன்னவரும் அவர்தான்.

சரி, பகல் முழுக்க என்ன செய்வது? பன்னிரண்டிலிருந்து நாலு வரை கூரைக்குக் கீழே இருங்கள். ஸ்காட் மார்க்கெட், இப்போது போஜோக் மார்க்கெட், மேலே கூரை போட்டது, திங்கட்கிழமை மூடியிருக்கும். தனாக்கா கட்டையும் உரசும் கல்லும் அங்கே வாங்கலாம். நாம் சந்தனம் உரசுவது மாதிரியேதான்: கல்லில் சொட்டுத் தண்ணீர் விட்டு, பட்டை கல்லில் படும்படி வட்டமாகத் தேய்த்தால் வெளிர்மஞ்சள் விழுது வரும். கன்னத்திலும் கழுத்திலும் பூசிக்கொள்ளுங்கள், காய்ந்ததும் தோல் குளுகுளு என்றிருக்கும். பிள்ளைகள் முதல் நாள் வெட்கப்பட்டார்கள், அப்புறம் அவர்களே கேட்டு வாங்கிப் பூசிக்கொண்டார்கள்.

குடிக்க, தெருவோரம் மண்பானைகள் வைத்திருப்பார்கள். நம்ம தண்ணீர்ப் பந்தல் மாதிரி யாரோ புண்ணியத்துக்கு வைத்தது. பார்க்கவே மனசு நிறையும், ஆனால் வெளியூர் வயிற்றுக்கு பாட்டில் தண்ணீர்தான் நல்லது. ஷ்வே யின் ஏ மட்டும் விட்டுவிடாதீர்கள்: தேங்காய்ப்பாலில் ஜவ்வரிசி, ஜெல்லி, மேலே ஒரு துண்டு ரொட்டி. ஐஸ் பயம் இருந்தால் சுத்தமான கடையாகப் பாருங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் மொஹிங்காவைத் தொடவேண்டாம், அது மீன் குழம்பு. சாலட்டிலும் இறால் பொடி தூவுவார்கள், கேட்டே வாங்குங்கள்.

தங்கும் இடம் பிடிக்கும்போது அறையின் அழகைப் பார்க்காதீர்கள். ஜெனரேட்டர் உண்டா, ராத்திரி எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேளுங்கள். வெயில் காலத்தில்தான் மின்வெட்டு அதிகம்.

இன்னொன்று, பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது. 1970-லிருந்து இங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கமாக ஓடுகின்றன, ஆனால் முக்கால்வாசி காருக்கு ஸ்டீயரிங்கும் வலப்பக்கமே. இடது கதவைத் திறந்தால் நேரே போக்குவரத்துக்குள் இறங்குவீர்கள். பிள்ளைகளை வலது கதவு வழியாகவே இறக்குங்கள்.

சாயங்காலம் வெயில் இறங்கியதும் 1871-ல் நம்மவர்கள் கட்டிய காளியம்மன் கோயிலுக்குப் போய்வாருங்கள். பக்கத்துத் தெருக்களில் தமிழ் பேசினால் பதில் வரும்.

பழைய கோயில்கள் நிறைந்த பாகான் ஊருக்குப் போக ஆசையிருந்தால் வழி நிலவரத்தை இங்குள்ளவர்களிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அது வறண்ட சீமை; அதற்குத் தெற்கே சௌக்கில் 2024 ஏப்ரல் 28 அன்று 48.2 டிகிரி பதிவானது. கைக்குழந்தையோடும் முதியவர்களோடும் அந்த மாதத்தில் போகாதீர்கள், நவம்பருக்குத் தள்ளிவையுங்கள். போகிறவர்கள் ஆனந்தா கோயிலோடு திரும்பிவிடாமல் நத்லாங் சௌங்கையும் கேட்டுப் பாருங்கள், அது பெருமாள் கோயில். பாகானில் கிடைத்த 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, மலைமண்டலத்திலிருந்து, அதாவது கேரளப் பக்கமிருந்து, வந்த ஒருவர் அங்கிருந்த பெருமாள் கோயிலுக்குச் செய்த திருப்பணியைத் தமிழிலேயே சொல்கிறது. அங்கேயும் செருப்பைக் கழற்ற வேண்டும், தரையில் முள்ளும் கிடக்கும். காலையில் ஒன்பது மணிக்குள் பார்த்து முடித்துவிடுங்கள்.