பதிவுப் படிவத்தில் பிறந்த தேதியைச் சரியாகக் கேட்பது எப்படி?

வாழ்த்து அனுப்புவதற்காக மட்டும் பிறந்த தேதி கேட்கிறீர்கள் என்றால், அந்தக் கட்டத்தை இப்போதே நீக்கிவிடுங்கள். கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம், பிறந்த தேதியை மாற்ற முடியாது.

சட்டத்துக்காகக் கேட்பது வேறு. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது நிறையாதவர் குழந்தை. பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எல்லை 13. ஐரோப்பிய ஒன்றியத்தில் 16. உறுப்பு நாடுகள் அதை 13 வரை குறைத்துக்கொள்ளலாம்.

முதல் படி, கேள்வி. "18 வயது நிறைந்தவர்கள் மட்டும்" என்று மேலே எழுதாதீர்கள். எந்த ஆண்டைப் போட வேண்டும் என்று சிறுவர்களுக்கு நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். "பிறந்த தேதி" என்பதே போதும். வயது போதாமல் நிறுத்தப்பட்டவர் பின்னால் போய் வேறு ஆண்டு போடாதபடி, முதல் விடையைக் குக்கீயில் (உலாவி வைத்திருக்கும் சிறு குறிப்பில்) குறித்து வையுங்கள்.

இரண்டாவது, கட்டங்கள். நாள், மாதம், ஆண்டு என மூன்று எண் கட்டங்களே என் தேர்வு. நாள்காட்டிப் பெட்டி ரயில் டிக்கெட்டுக்கு நல்லது. 1958-இல் பிறந்தவரை அதில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கி நகர்த்தச் சொல்வது கொடுமை. ஆண்டுக்கு நான்கு இலக்கங்களைக் கட்டாயமாக்குங்கள். வெறும் 08 என்றால் உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழி அதை 1908 என்று எடுத்துக்கொள்ளும். பிப்ரவரி 31 போட்டாலும் மறுக்காமல் மார்ச்சுக்குத் தள்ளிவிடும். நீங்கள்தான் சரிபார்க்க வேண்டும்.

மூன்றாவது, சேமிப்பு. இதில் நிதானியுங்கள், என்னை வெகுநேரம் அலைக்கழித்தது இதுதான். 2008 ஜூன் 15 என்று கொடுத்தால் தரவுத்தளத்தில் ஜூன் 14 என்று பதிவாகும்! மூன்று எண்களையும் ஜாவாஸ்கிரிப்டின் தேதிப் பொருளாக்கினால் (அது நாளோடு மணியையும் சேர்த்தே வைத்திருக்கும்), இந்திய நேரப்படி ஜூன் 15 நள்ளிரவு கிடைக்கிறது. அதை ஐஎஸ்ஓ சரமாக (ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் எழுதும் பொது வடிவமாக) மாற்றும்போது உலகப் பொது நேரத்துக்கு (UTC) போய், ஐந்தரை மணி நேரம் குறைந்து, முந்தைய நாள் மாலை 6.30 ஆகிவிடுகிறது. அமெரிக்காவில் இருந்து சோதிப்பவர் கண்ணில் இது படாது. அங்கே கடிகாரம் பொது நேரத்துக்குப் பின்னால் இருக்கிறது. விளைவு, பதினேழு வயதுப் பிள்ளை ஒரு நாள் முன்னதாகவே உள்ளே வந்துவிடும். தீர்வு எளியது: பிறந்த தேதிக்கு மணி கிடையாது, எனவே அதைத் தேதிப் பொருளாக்கி அனுப்பாதீர்கள். "2008-06-15" என்ற எழுத்தாகவே அனுப்பி, நேரமில்லாத தேதி வகைப் புலத்தில் சேமியுங்கள்.

வயதுக் கணக்கு: ஆண்டுகளைக் கழியுங்கள், இந்த ஆண்டின் பிறந்தநாள் இன்னும் வரவில்லை என்றால் ஒன்றைக் குறையுங்கள். நாட்களை 365-ஆல் வகுக்கும் குறுக்குவழி வேண்டாம், லீப் ஆண்டுகள் கணக்கைக் கெடுக்கும். சர்வரிலும் இதே சோதனை இருக்கட்டும்.

பிற்சேர்க்கை: பிறந்த ஆண்டு மட்டுமே தெரிந்த பெரியவர்கள் என்ன செய்வார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நாள், மாதக் கட்டங்களைக் காலியாக விட அனுமதியுங்கள். ஆண்டு வித்தியாசம் 19 அல்லது அதற்கு மேல் என்றால் அவர் 18 நிறைந்தவர்தான். சரியாக 18 என்றால் மட்டும் முழுத் தேதியைக் கேளுங்கள்.