புளியோதரையோடு பியர் கார்டனுக்கு: மியூனிக்கில் ஒரு கோடைச் சனிக்கிழமை

மியூனிக்கில் குடியிருப்பவர்கள் நண்பர்களோடு ஊர் சுற்றச் சனிக்கிழமையே நல்லது. ஞாயிறன்று கடைகள் அடைத்திருக்கும், விக்டுவாலியன்மார்க்ட் சந்தையும் இருக்காது. ஜூன், ஜூலையில் இரவு ஒன்பது வரை வெளிச்சம் உண்டு.

ஐந்து பெரியவர்கள் வரை ஒரே குழு நாள் டிக்கெட்டில் போகலாம். மறுநாள் காலை 6 மணி வரை செல்லும். டிக்கெட்டில் முத்திரை அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ரயில் ஏறும் முன் டிக்கெட்டை நீலப் பெட்டியில் செருகி முத்திரை குத்திக்கொள்ளுங்கள். புதிதாக வந்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்: டிக்கெட் கையில் இருந்தாலும் முத்திரை இல்லாவிட்டால் 60 யூரோ அபராதம்.

10:45-க்கு நகர மையத்தில் இருக்கும் மரியன்பிளாட்ஸ் சதுக்கத்துக்கு வந்துவிடுங்கள். 11 மணிக்கு நகரமன்றக் கோபுரத்தில் மணிகள் ஒலிக்க, பொம்மைகள் ஆடத் தொடங்கும். மேல்தட்டில் 1568-இல் நடந்த அரச கல்யாணம், கீழ்த்தட்டில் பீப்பாய் செய்பவர்களின் நடனம். கோபுரத்தின் அடியில் நின்றால் கழுத்துதான் வலிக்கும். சதுக்கத்தின் எதிர்ப்பக்கம் தள்ளி நில்லுங்கள். பாதியில் கிளம்பிவிடாதீர்கள், கடைசியில் தங்கச் சேவல் கூவும். பக்கத்து ஆல்டர் பீட்டர் தேவாலயக் கோபுரத்துக்கு 306 படி, லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்கள் நகரமன்றக் கோபுரத்துக்கே போகலாம், அங்கே லிஃப்ட் உண்டு.

பிறகு ஹோஃப்கார்டன் தோட்டம் வழியாக ஆங்கிலப் பூங்காவுக்கு நடங்கள். சீனக் கோபுரம் வரை நிதானமாக முக்கால் மணி நேரம். தெற்குப் புல்வெளியில் சிலர் ஆடையின்றி வெயில் காய்வார்கள். அது இங்கே வழக்கம். பெற்றோரை அழைத்துப் போனால் முன்பே சொல்லிவையுங்கள்.

சீனக் கோபுரத்தின் பியர் கார்டனில், அதாவது திறந்தவெளி பியர் கடையில், வீட்டுச் சாப்பாட்டைப் பிரித்து வைத்துச் சாப்பிடலாம். யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். 1812-இல் பவேரிய மன்னர் பியர் காய்ச்சுபவர்களுக்குத் தங்கள் நிலவறைகளில் பியர் விற்க அனுமதி கொடுத்தார். ரொட்டி தவிர வேறு உணவு விற்கக்கூடாது என்றார். அதனால் ஜனங்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தார்கள். அந்த உரிமை இன்றும் நிற்கிறது. நம் கட்டுச்சோற்றுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் ஐரோப்பாவில் இல்லை.

இரண்டு விதி: மேஜைவிரிப்பு போட்ட மேஜையில் உட்காரக்கூடாது, அது பரிமாறும் பகுதி. குடிப்பது மட்டும் அங்கேயே வாங்க வேண்டும். பியர் வேண்டாதவர்களுக்கு ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த அப்ஃபெல்ஷோர்லே இருக்கிறது.

ஐந்து பேருக்கு 600 கிராம் அரிசியில் புளியோதரை போதும். சாதத்தை அகலத் தட்டில் பரப்பி, நல்லெண்ணெய் இரண்டு மேஜைக்கரண்டி விட்டு, முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்த தண்ணீர் சொட்டிச் சோறு குழையும். தயிர்சாதம் வேண்டாம், வெயிலில் மதியத்துக்குள் புளித்துவிடும். தட்டு, கரண்டி, குப்பைப்பை நீங்களே எடுத்துப் போங்கள்.

நீள மேஜையில் இடம் இருந்தால் "இஸ்ட் ஹியர் நோஹ் ஃப்ரை?" (இங்கே இடம் காலியா?) என்று கேட்டு உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவர் டப்பாவை எட்டிப் பார்ப்பார். ஒரு கரண்டி நீட்டினால் பேச்சு தானாக வளரும். ஆகஸ்டில் இனிப்புப் பானத்தைத் தேடிக் குளவி வரும். மக்கின் வாயை அட்டையால் மூடி வையுங்கள், ஒவ்வொரு மிடறுக்கும் முன் உள்ளே பாருங்கள்.

பானம் ஊற்றுவது இரவு 22:30-க்குள் நின்றுவிடும். வாங்கும்போது மக்குக்கான முன்பணத்துக்கு டோக்கன் கொடுத்திருந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள். மக்கையும் டோக்கனையும் சேர்த்துக் கொடுத்தால்தான் காசு திரும்பும்.