கறுப்புப் புள்ளியை எண்ணுவதற்கு முன்

வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த மாமி ஒருவருக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம். போன கிழமை கேட்டார்: "எம்.ஆர்.ஐ. எடுத்தா இன்சுலின் சுரக்கிற கலம் இன்னும் எவ்வளவு மிச்சம் எண்டு தெரியுமோ தம்பி?" எம்.ஆர்.ஐ.யில் அது தெரியாது. ஆராய்ச்சிச் செய்தி எழுதுகிறவர்களே வழுக்கி விழும் இடம் இது.

பள்ளியில் சதையி என்று படித்தோமே, அந்தக் கணையத்துக்குள் லாங்கர்ஹான்ஸ் சிறுதீவுகள் சுமார் பத்து லட்சம். இன்சுலின் சுரக்கும் பீட்டா கலங்கள் அவற்றுக்குள்தான். எல்லாத் தீவுகளையும் கூட்டினாலும் சதையியின் எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே வரும். ஒரு தீவின் அகலம் ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர், ஆஸ்பத்திரி ஸ்கானில் ஒரு படப்புள்ளியே 1 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். போதாக்குறைக்கு, மூச்சு விடும்போதெல்லாம் சதையி அசையும். ஆகவே "பீட்டா கலங்களைப் படம்பிடித்தனர்" என்று வாசித்தால், படத்தில் விழுந்தது உண்மையில் எது என்று கேளுங்கள்.

சில ஆய்வுகளில் அது, படம் துலங்குவதற்காக நாளத்தில் ஏற்றும் மங்கனீசு. குளுக்கோசு கூடும்போது பீட்டா கலத்தின் கல்சியம் வாயில்கள் திறக்கும். மங்கனீசும் அதே வழியால் நுழைந்து படத்தைப் பிரகாசமாக்கும். அந்த வெளிச்சத்தைக் கலங்களின் எண்ணிக்கையாக வாசிப்பது பிழை. கலம் உயிரோடிருந்தும் வேலை செய்யாவிட்டால் வெளிச்சம் குறையும். சமிபாட்டு நொதியம் சுரக்கும் பக்கத்துக் கலங்களும் மங்கனீசை உறிஞ்சும். அளவைக் கூட்டவும் முடியாது, கூடினால் மூளைக்கு நஞ்சு.

இரும்பில் குழப்பம் இன்னும் அதிகம். இன்னொருவரின் சதையியிலிருந்து எடுத்த சிறுதீவுகளை நோயாளிக்குப் பொருத்தும் சிகிச்சையில், அவற்றுக்கு இரும்பு ஒட்சைட்டு ஏற்றி ஈரலுக்குள் விட்டால், கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். ஆனால் புள்ளி இரும்பினுடையது. தீவு செத்த பிறகும் துப்புரவுக் கலங்கள் அந்த இரும்பை விழுங்கி வைத்திருந்தால் புள்ளி சிலகாலம் நிற்கும். அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளியின் ஈரலோ, அந்த இரத்தத்தின் இரும்பு சேர்ந்து, படத்தில் முதலிலேயே கறுத்திருக்கும். வேறு ஆய்வுகளில் இரும்புத் துணிக்கைகளை நாளத்தில் ஏற்றி, உடலின் எதிர்ப்புச் சக்தியே பீட்டா கலங்களை அழிக்கும் முதலாம் வகை நீரிழிவில் சதையியின் அழற்சியைத் தேடுகிறார்கள். அங்கே கறுப்பு அழற்சியின் அடையாளம், கெட்ட செய்தி. துணிக்கையை எங்கே, எப்படிக் கொடுத்தார்கள் என்று பார்க்காமல் இரண்டு படங்களை ஒப்பிட்டால் அர்த்தமே தலைகீழாகிவிடும்.

எலிப் படத்தைக் காட்டி மனிதருக்கு நம்பிக்கை கொடுப்பது பழைய வியாதி. எலிக்கு 9.4 டெஸ்லா (காந்த வலுவின் அலகு) இயந்திரமெல்லாம் உண்டு. ஆஸ்பத்திரியில் பொதுவாக 1.5 அல்லது 3.

முதலாம் வகை நோயாளிகளின் சதையி, நோய் கண்டறியப்படும் நாளிலேயே சிறுத்திருக்கிறது. "பீட்டா கலங்கள் அழிந்ததால் சிறுத்தது" என்று எழுதிவிடுகிறார்கள். ஒன்றிரண்டு பங்கு முழுதாக அழிந்தாலும் அவ்வளவு சுருங்காதே! சுருங்கியதில் பெரும்பங்கு நொதியம் சுரக்கும் இழையம். பிரித்தானியாவின் டைரெக்ட் ஆய்வில், எடை குறைத்து இரண்டாம் வகை நீரிழிவிலிருந்து விடுபட்டவர்களின் சதையி இரண்டு வருடத்தில் வளர்ந்தது என்று 2020இல் வெளியானது. அதையும் புதுப் பீட்டா கலம் முளைத்ததாகப் படிக்கக்கூடாது.

மாமியின் கேள்விக்குக் கிட்டிய பதில் சி-பெப்டைட் என்ற இரத்தப் பரிசோதனையில் இருக்கிறது. உடல் இன்சுலின் செய்யும்போது கழன்று விழும் துண்டு அது. ஊசி இன்சுலினில் இல்லை. டொக்டரிடம் கேட்கச் சொன்னேன்.

"அப்ப அந்தக் குழாய்க்குள்ள படுக்கத் தேவையில்லையோ?" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.