இன்டிசைனில் ஒரே விசையில் பல வேலைகள்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

நாம் செய்வதைப் பதிவு செய்துகொண்டு அப்படியே திரும்பச் செய்யும் மேக்ரோ வசதி வேர்டில் உண்டு; பக்க வடிவமைப்பு மென்பொருளான அடோபி இன்டிசைனில் இல்லை. ஆயினும் பத்தி ஸ்டைல்களுக்கும் (எழுத்துரு, அளவு, இடைவெளி போன்றவற்றைச் சேர்த்துப் பெயரிட்டு வைத்த அமைப்புகள்) ஸ்கிரிப்டுகளுக்கும் (தொடர் வேலைகளைத் தானே செய்யும் சிறு நிரல்கள்) ஷார்ட்கட், அதாவது குறுக்குவிசை, கொடுத்துவிட்டால், புத்தக வடிவமைப்பில் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளில் பெரும்பகுதி விசைப்பலகையிலேயே முடிந்துவிடும். இங்கே விண்டோஸ் முறையைச் சொல்கிறேன். மேக்கில் கன்ட்ரோலுக்குப் பதிலாகக் கமாண்ட் விசை.

முதலில் ஸ்டைல். எஃப்11 அழுத்தினால் பாராகிராஃப் ஸ்டைல்ஸ் பலகம் திறக்கும். எந்த உரையும் தேர்வில் இல்லாதபோது, 'உள்தலைப்பு' என்று நீங்கள் உருவாக்கி வைத்த ஸ்டைலை இருமுறை சொடுக்கி, ஜெனரல் பகுதியிலுள்ள ஷார்ட்கட் பெட்டியில் கர்சரை வைத்து, எண்பலகையை இயக்கும் 'நம் லாக்' (Num Lock) விசையின் விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டு, கன்ட்ரோலுடன் வலப்பக்க எண்பலகையின் 1 விசையை அழுத்துங்கள். எழுத்துகளுக்கு மேல் வரிசையில் உள்ள எண்களை இந்தப் பெட்டி ஏற்காது. தொடக்கத்தில் பலரும் தடுமாறுவது இங்கேதான். ஆல்ட்டுடன் எண்ணை அழுத்தித் தமிழ்த் தட்டச்சுக்கு மாறுபவர்கள் அந்தச் சேர்க்கையைத் தவிர்ப்பது நல்லது. எண்பலகை இல்லாத மடிக்கணினியில் கன்ட்ரோல், என்டர் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் குவிக் அப்ளை திறக்கும். ஸ்டைல் பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டி என்டர் கொடுத்தால் போதும்.

யூனிகோட் தமிழில் வேலை செய்பவர்கள் இந்த ஸ்டைலுக்குள்ளேயே, ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில் 'அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் 'கெ' என்பதன் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கக்கூடும்.

அடுத்தது ஸ்கிரிப்ட். நிரல் எழுதத் தெரியாதவர்களும் அஞ்ச வேண்டியதில்லை. விண்டோ மெனுவில் யுடிலிட்டீஸ், ஸ்கிரிப்ட்ஸ் என்று போய், அப்ளிகேஷன், சாம்பிள்ஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய கோப்புறைகளைத் திறந்தால் 'ஃபைண்ட்சேஞ்ச்பைலிஸ்ட்' (FindChangeByList) கிடைக்கும். இரட்டை இடைவெளி, வெற்றுப் பத்தி, பத்தி முடிவில் தங்கிய இடைவெளி போன்ற குப்பைகளை ஒரே ஓட்டத்தில் துடைத்துவிடும் இது, தட்டச்சாகி வரும் கோப்புகளுக்கு என் கணக்கில் மிகவும் பயன்படும் ஸ்கிரிப்ட்.

இதற்கு விசை கொடுக்க, எடிட் மெனுவில் கீபோர்டு ஷார்ட்கட்ஸைத் திறந்து, நியூ செட் அழுத்தி உங்கள் பெயரில் ஒரு தொகுப்பை உருவாக்குங்கள். மென்பொருளுடன் வரும் டிஃபால்ட் தொகுப்பை மாற்ற முடியாது. பிராடக்ட் ஏரியாவில் ஸ்கிரிப்ட்ஸைத் தேர்ந்து, பட்டியலில் அந்தப் பெயரைச் சொடுக்கி, நியூ ஷார்ட்கட் பெட்டியில் விசைகளை அழுத்துங்கள். அவை ஏற்கெனவே வேறொரு கட்டளைக்கு உரியவையாக இருந்தால் அதன் பெயர் கீழே தெரியும்; அப்போது வேறு சேர்க்கையைத் தேடுங்கள். கான்டெக்ஸ்ட் என்ற பெட்டியில் 'டிஃபால்ட்' என்றே இருக்கட்டும். பிறகு அசைன், ஓகே.

சோதிக்கும்போது கோப்பைச் சேமித்துவிட்டு இயக்குங்கள். முழு ஆவணத்திலா, தேர்ந்த பகுதியிலா என்று ஸ்கிரிப்ட் கேட்டால் முதலில் பகுதியை மட்டும் கொடுங்கள். பின்னாளில் ஸ்கிரிப்ட் கோப்பின் பெயரையோ இடத்தையோ மாற்றினால் விசை வேலை செய்யாது. மீண்டும் அசைன் செய்ய வேண்டியிருக்கும். அதே பெட்டியிலுள்ள ஷோ செட்டை அழுத்தினால் எல்லா ஷார்ட்கட்டுகளும் ஓர் உரைக் கோப்பாகத் திறக்கும். பழகும்வரை தேவையான வரிகளை மட்டும் அச்சிட்டுத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளலாம்.