லாரி எஞ்சினில் பழைய பேக்கிங்கையும் பசையையும் சுரண்டி எடுப்பது

எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியதும், பழைய பேக்கிங்கை (பாகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் கேஸ்கட்) எடுக்கக் கை முதலில் தேடுவது கிரைண்டரை. அதைத் தொடவே வேண்டாம். தேய்ப்பு டிஸ்க்கிலும் உப்புத்தாளிலும் இருப்பது பெரும்பாலும் அலுமினியம் ஆக்ஸைடு துகள். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொடி ஆயில் வழிக்குள் போனால் வடிகட்டிக்கு முழுதாகச் சிக்காது. மெயின் பேரிங்கையும் கனெக்டிங் ராடு பேரிங்கையும் அரித்துவிடும். பேக்கிங் மாற்றப்போய் கிராங்க் ஷாஃப்டையே இறக்க வேண்டிவரும்.

சுரண்டுவதற்கு முன் எல்லா ஓட்டைகளையும் அடையுங்கள்: ஆயில், தண்ணீர் வழிகள், சிலிண்டர் வாய், புஷ்ராடு துளை. பனியன் வேஸ்ட் போதும், ஆனால் எத்தனை துண்டு வைத்தோம் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

வார்ப்பிரும்பு பிளாக்கில் நேரான, கூர்மையான இரும்பு ஸ்க்ரேப்பரைச் சாய்வாகப் பிடித்துத் தள்ளலாம். நிமிர்த்திப் பிடித்தால் தோண்டும். டைமிங் கவர், ஃப்ளைவீல் ஹவுசிங் போன்றவை அலுமினியமாக இருந்தால் பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பர்தான். கறை மட்டும் தங்கினால் பரவாயில்லை, குறுக்குக் கீறல்தான் கூடாது. ஆயில் அதன் வழியாகவே கசியும்.

காகித பேக்கிங் கல்லாக இறுகியிருந்தால் கேஸ்கட் ரிமூவர் தெளித்து 10, 15 நிமிடம் ஊறவிட்டுச் சுரண்டுங்கள். கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் மூன்றும் வேண்டும். பெயின்ட்டிலும் ரப்பர் சீலிலும் படக்கூடாது. சிலிக்கான் பசை பெட்ரோலிலோ தின்னரிலோ கரையாது. ஓரத்தைக் கிளப்பி உரித்துத்தான் எடுக்க வேண்டும். காஸ்டிக் சோடாத் தொட்டியில் அலுமினியப் பாகத்தைப் போட்டால் பாகமே கரையும்.

மிகப் பழைய வண்டியின் பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். நனைத்தே சுரண்டுங்கள். காற்றடித்து ஊதாதீர்கள்.

வெட் லைனர் எஞ்சினில் (சிலிண்டர் குழாய் தனியாகப் பொருந்தி, அதைச் சுற்றித் தண்ணீர் ஓடும் வகை) லைனரின் விளிம்பு பிளாக்கைவிடச் சற்று உயர்ந்தே நிற்கும். தேய்ப்புக் கல்லைக் குறுக்கே இழுத்தால் அந்த உயரம் குறையும், புது ஹெட் பேக்கிங் அழுத்தம் தாங்காமல் கசிந்துவிடும். மட்டம் பார்ப்பதும் லைனர்களுக்கு இடைப்பட்ட இடத்தில்தான்: நேர்விளிம்புப் பட்டையை வைத்து ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். அனுமதிக்கும் அளவு எஞ்சினுக்கு எஞ்சின் வேறு, கையேட்டைப் பாருங்கள்.

போல்ட் துளைகளைப் பலரும் மறக்கிறார்கள். அடி மூடிய துளையில் ஆயிலோ தண்ணீரோ தேங்கி நிற்க, போல்ட்டை முறுக்கினால் பிளாக்கில் விரிசல் விழலாம். விழாவிட்டாலும் டார்க் ரென்ச் (முறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) பொய்யான அளவில் சொடுக்கிவிடும். மரையைச் சுத்தம் செய்து, உறிஞ்சி, பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு ஊதுங்கள்.

கடைசித் துடைப்பு பிரேக் கிளீனரிலோ ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலிலோ இருக்கட்டும். டீசலும் மண்ணெண்ணெயும் எண்ணெய்ப் படலம் விடும். அதன் மேல் சிலிக்கான் ஒட்டாது. அடைத்த துணிகளை எண்ணி எடுங்கள். அன்றே பூட்டவில்லை என்றால் வார்ப்பிரும்பு முகத்தில் லேசாக ஆயில் தடவி மூடி வையுங்கள், இல்லாவிட்டால் துரு பிடிக்கும். பூட்டும் அன்று அதை மறுபடி துடைத்துவிடுங்கள்.