லீக் மேட்சை நாமே லைவ் போட: முதலில் தாள், அப்புறம் கேமரா

எட்டு டீம் வைத்து சென்னையில் கால்பந்து லீக் நடத்துகிறவர் இன்று டிவிக்காரர் வாசலில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. பெரிய லீக்குகளே அந்த வாசலை விட்டு நகர்ந்துவிட்டன. 2023 முதல் அமெரிக்காவின் எம்எல்எஸ் மேட்ச் அத்தனையும் ஆப்பிளின் ஸ்ட்ரீமிங்கில் வருகின்றன. ஒளிபரப்பு உரிமை வாங்கியவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, பிரெஞ்சு லீக் 2025இல் லீக் 1 பிளஸ் என்று சொந்தச் சேவையே தொடங்கியது. உள்ளூர் லீக்குக்கு யூடியூப் போதும். ஆனால் கேமரா வாடகை விசாரிப்பதற்கு முன் தாள் வேலை இருக்கிறது.

மேட்ச் என்ற நிகழ்வுக்குப் பதிப்புரிமை கிடையாது. அதைப் பிடித்த படத்துக்குத்தான் உண்டு. கிரவுண்டுக்குள் யார் கேமரா வைக்கலாம் என்று சொல்லும் அதிகாரம்தான் நம் கையில் இருக்கும் சரக்கு. ஆகவே மாநகராட்சியோ கல்லூரியோ, கிரவுண்ட் தருகிறவரின் அனுமதிக் கடிதத்தில் 'விளையாட' என்பதோடு 'படம்பிடித்து நேரலை செய்ய' என்றும் இருக்க வேண்டும். டீம்களின் நுழைவுப் படிவத்தில் ஒரு வரி சேருங்கள்: ஒளிபரப்பு உரிமை லீக்குக்கு, தங்கள் கோல் கிளிப்பை டீம்கள் போட்டுக்கொள்ளலாம். 18 வயதுக்குக் குறைந்த பையன்கள் ஆடினால் பெற்றோர் கையெழுத்து. மேல் சங்கத்தில் இணைந்த லீக் என்றால், உரிமை ஏற்கெனவே வேறு யாருக்கும் போகவில்லை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்து மொட்டை மாடியிலிருந்து ஒருவர் போனில் லைவ் போட்டால் தடுப்பது கஷ்டம். அதற்காக மல்லுக்கு நிற்காதீர்கள்.

உண்மையான ஆபத்து வேறு. "அண்ணா, நாங்களே ஃப்ரீயா லைவ் போட்டுத் தர்றோம், இங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்று வருகிறவர். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, நாம் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நம்முடையது. ஓசியில் எடுத்துக் கொடுத்தால் அந்தப் பிடிமானம் போய்விடும்; படம் தயாரித்தவருடையது. 19ஆம் பிரிவு இன்னும் கடுமை: உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்று கொள்ளப்படும். எனவே 'இந்த சீசன் மட்டும், லைவ் மட்டும், ஒருவருக்கே என்றில்லாமல், முழுப் பதிவும் லீக்குக்கு' என்று நாமே எழுத வேண்டும். ஸ்கோர் விவரத்தை நேரடியாக அனுப்பக் கேட்டால் யாருக்கு, எதற்கு என்று கேளுங்கள். சூதாட்டத் தளங்களுக்கு அதுதான் தீனி. பந்தய ஆப் விளம்பரமும் வேண்டாம், 2025 ஆன்லைன் கேமிங் சட்டம் அதைத் தடை செய்துவிட்டது.

இனி கிரவுண்ட். மாலை 4 மணி மேட்ச் என்றால் கேமரா மேற்குப் பக்கம், நடுக்கோட்டுக்கு நேராக. வெயில் முதுகில் விழும். சவுக்குக் கம்பு சாரம் 12 முதல் 15 அடி உயரம்; கோட்டை ஒட்டிக் கட்டாதீர்கள், கிட்டப் பக்கக் கார்னரில் பந்து காலடியில் மறைந்துவிடும். கமென்டரி சொல்பவரை அதே பலகையில் ஏற்றக் கூடாது. அவர் துள்ளும்போதெல்லாம் ஜூம் செய்த படம் நடுங்கும். கோல் விழும் நேரத்தில்தான் அவரும் துள்ளுவார்.

ஹேண்டிகேம் வகை கேமராவே நல்லது. பழைய டிஎஸ்எல்ஆர் பல 29 நிமிடம் 59 நொடியில் ரெக்கார்டிங்கை நிறுத்திவிடும். ஃபோகஸ் மேனுவலில் இருக்கட்டும், ஆட்டோவில் விட்டால் வலைக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். ஃப்ளட்லைட்டில் படம் மினுக்கினால் காரணம் நம் 50 ஹெர்ட்ஸ் கரண்ட்: 25 அல்லது 50 ஃபிரேம், ஷட்டர் 1/50 அல்லது 1/100 வையுங்கள். கேமராவிலிருந்து லேப்டாப்புக்குப் போகும் எச்டிஎம்ஐ கேபிள் 15 மீட்டரைத் தாண்டினால் கண் சிமிட்ட ஆரம்பிக்கும். லேப்டாப்பை சாரத்தின் அடியிலேயே குடை போட்டு வைப்பது மேல்.

லேப்டாப்பில் ஓபிஎஸ் (OBS) என்ற நேரலை மென்பொருள். 720பி, 25 ஃபிரேம், 4 எம்பிபிஎஸ் (நொடிக்கு 4 மெகாபிட்), அந்த வேகம் மாறாமலிருக்க சிபிஆர் (CBR), கீஃபிரேம் 2 நொடி, ஆடியோ 128 கேபிபிஎஸ். 1080பி ஆசை முதல் சீசனில் வேண்டாம். நெட்டைச் சோதிக்கும்போது டவுன்லோடைப் பார்த்து ஏமாறாதீர்கள். அப்லோடு 8 எம்பிபிஎஸ் நிற்க வேண்டும், அதுவும் கூட்டம் வந்து உட்கார்ந்த பிறகு. காலை 11 மணிக்குக் காலி கிரவுண்டில் பறக்கும் சிம், மாலையில் நகராது. பக்கத்துக் கடையிலோ வீட்டிலோ ஃபைபர் இருந்தால் கேட்டு, கேட்-6 நெட்வொர்க் ஒயர் இழுத்துவிடுங்கள். 100 மீட்டர் வரை தாங்கும். இல்லாவிட்டால் இரண்டு கம்பெனி சிம்.

டேட்டா கணக்கு இது: 4 எம்பிபிஎஸ் என்றால் நிமிடத்துக்கு 240 மெகாபிட், அதாவது 30 மெகாபைட் (எம்பி). மேட்சுக்கு 10 நிமிடம் முன்னே தொடங்கினால், நாளுக்கு 2 ஜிபி சிம் லைவ் தொடங்கிய 66ஆவது நிமிடத்தில், அதாவது இடைவேளையிலேயே தீர்ந்துவிடும். முழு மேட்சுக்கு 4 ஜிபிக்கு மேல் கையில் வேண்டும்.

யூடியூபில் லைவ் வசதியை முதன்முறை திறக்க 24 மணி நேரம் வரை ஆகும்; மேட்ச் அன்று காலையில் திறக்க உட்காராதீர்கள். போனிலிருந்து நேரடியாகப் போட 50 சப்ஸ்கிரைபர் தேவை, ஓபிஎஸ் வழியாகப் போட்டால் தேவையில்லை. இடைவேளையில் கிரவுண்ட் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு போடுவார்கள். மைக்கை அப்போது கட்டாயம் மியூட் செய்யுங்கள், பாட்டுக் கம்பெனியின் உரிமைக் கோரிக்கையில் லைவே நின்றுவிடலாம். ரசிகர்கள் அடிக்கும் பறைக்கு அந்தத் தொல்லை இல்லை, தாராளமாக வரட்டும்.

ஜெர்சி நம்பர் பட்டியலை அரை மணி நேரம் முன்னே வாங்கிவிட வேண்டும். கமென்டரிக்காரர் பார்க்க வேண்டியது மைதானத்தை. யூடியூப் திரை பல நொடி பின்தங்கித்தான் ஓடும்.

ஓபிஎஸ்ஸில் ரெக்கார்டிங்கை எம்கேவி (MKV) என்ற ஃபைல் வகையில் வையுங்கள். சாதாரண எம்பி4 என்றால் நடுவில் கரண்ட் போனால் ஃபைலே திறக்காது. கேமரா கார்டிலும் தனியாக ஓடட்டும்: ஸ்கோர் பட்டை, லோகோ எதுவும் இல்லாத சுத்தப் படம் அதுதான். வெளியூர் கிளப் ஒரு பையனின் வீடியோ கேட்கும்போதும் அடுத்த வருட ஸ்பான்சரிடம் போகும்போதும் கொடுக்க அதுவே வேண்டும். அன்றிரவே இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, தேதியும் டீம் பெயரும் போட்டு, ஒன்றைச் செயலாளர் வீட்டிலும் மற்றதை வேறொருவர் வீட்டிலும் வையுங்கள்.